சொந்த சேர்வர் வைத்தால் கூட்டம் பாதுகாப்பாகிவிடுமா?

தங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் தலைமை அலுவலகமும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் கிளைகளும் கொண்ட, 35 பேர் பணியாற்றும் உளவளத்துணை நிறுவனம் தங்களுடையது. இலவச சூம் கணக்கில் மாதாந்தக் கூட்டத்தையும், கிழமைக்கு ஒருமுறை பயனாளிகளைப் பற்றிய கலந்துரையாடலையும் நடத்துகிறீர்கள். சென்ற மாதம் அப்படியான ஒரு கலந்துரையாடலின் நடுவில் யாரென்று தெரியாத ஒருவர் ஐந்து நிமிடம் வரை இருந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே எந்த மென்பொருள் பாதுகாப்பானது, அல்லது சொந்தமாக ஒரு சேர்வரே (கூட்டத்தில் இருப்போரை நடுவில் நின்று இணைக்கும் கணினி) வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். மென்பொருளின் பெயரைக் கேட்டிருந்தாலும், தங்களை அரிக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: நாங்கள் பேசுவதை எங்களைத் தவிர யார் யார் கேட்கக்கூடும், அவர்களுள் யாரைத் தடுப்பது எங்கள் கையில் இருக்கிறது? அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். மென்பொருளின் பெயர் அதற்குள் தானாக வந்துவிடும்.

நான் பதினாறு வருடங்களாக வடக்கில் அலுவலக வலையமைப்புகளை அமைத்தும் பராமரித்தும் வருகிறேன். காணொளிக் கூட்டங்களுக்கான ஏற்பாடுகள் 2020 இற்குப் பிறகே என் வேலையின் பெரும்பகுதியாயின. நான் கையாண்டவற்றுள் பெரியது 120 பேர் வரையுள்ள நிறுவனம் என்பதால், அதைவிடப் பெரிய அமைப்புகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று கொள்ளவேண்டாம். நான் சட்டத்தரணியும் அல்லன்; சட்டத்தைத் தொட்டுச் சொல்லும் இடத்தில் அதை மனத்தில் வைத்து வாசியுங்கள்.

முதலில் அந்த அந்நியரை எடுத்துக்கொள்வோம். கூட்டத்துக்குள் வேண்டாதவர் நுழைந்தார் என்றவுடன் எல்லோருக்கும் 'ஹக்கிங்' என்ற சொல்தான் வாயில் வரும். நான் போய்ப் பார்த்த இடங்களில் ஒன்றில்கூட மறைகுறியாக்கத்தை, அதாவது திறவுகோல் இல்லாதவருக்கு விளங்காதபடி பேச்சை மாற்றி அனுப்பும் முறையை, உடைத்துக்கொண்டு எவரும் வரவில்லை. எல்லோரும் கதவால்தான் வந்தார்கள். ஒரு அலுவலகத்துக்கு இதே முறைப்பாட்டுக்காகப் போனபோது, பணிப்பாளரின் கைத்தொலைபேசியை வாங்கி அவர்களுடைய வட்ஸ்அப் குழுவைப் பழைய செய்திகள் வரை தள்ளிக்கொண்டே போனேன். கூட்டத்துக்கான லிங்க் பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரேயொருமுறை அனுப்பப்பட்டிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் 'வழமையான லிங்க்' என்று இரண்டே சொற்கள். குழுவில் 41 இலக்கங்கள் இருந்தன, சம்பளப் பட்டியலில் 33 பேர் இருந்தார்கள். மிகுதி எட்டில் இரண்டு பணியாளர்களே வைத்திருந்த இரண்டாவது சிம். மூன்று வேலையை விட்டு வெளிநாடு போனவர்களுடையவை. ஒன்று எப்போதோ வந்துபோன பயிற்சி மாணவருடையது. கடைசி இரண்டும் யாருடையவை என்று அந்த அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. அந்த லிங்கினுள்ளேயே கடவுச்சொல்லும் பொதிந்திருந்தது. லிங்கை ஒருவருக்கு அனுப்புவதும் கடவுச்சொல்லைச் சொல்லிக்கொடுப்பதும் சூமின் வழமையான அழைப்பில் ஒரே செயல்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இது சிறிய அலுவலகங்களுக்கு மட்டும் உரிய குறை என்று நினைத்துக் கூச்சப்படவேண்டாம். 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சர்களின் இரகசியக் காணொளிக் கூட்டத்துக்குள் நெதர்லாந்துப் பத்திரிகையாளர் ஒருவர் சாதாரணமாக நுழைந்து எல்லோருக்கும் கையசைத்தார். அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் சமூக வலைத்தளத்தில் இட்ட படமொன்றில் கூட்டத்தின் முகவரியும், ஆறு இலக்கக் கடவு எண்ணில் ஐந்து இலக்கங்களும் தெரிந்திருந்தன. மீதி ஒரு இலக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குக் கணினி அறிவுகூடத் தேவையில்லை.

ஆகவே பயனாளிகளைப் பற்றிப் பேசும் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் புதிய கூட்ட எண்ணை உருவாக்குங்கள். தனிப்பட்ட நிலையான கூட்ட எண்ணை அதற்குப் பயன்படுத்தவேண்டாம். லிங்கைக் குழுவில் போடாமல், நிறுவனத்தின் நாட்காட்டி அழைப்பாகவோ மின்னஞ்சலாகவோ அந்த அந்த ஆட்களுக்கு அனுப்புங்கள். காத்திருப்பு அறையை இயக்கி வையுங்கள். சூம் 2020 ஏப்ரலில் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பாகவே இயங்கும்படி மாற்றியது. ஆயினும் 'ஒவ்வொருவராக விடுவது கரைச்சல்' என்று அதை அணைத்து வைத்திருக்கும் அலுவலகங்களையே நான் அதிகம் காண்கிறேன். அந்தக் கரைச்சலைக் கூட்டத்தை நடத்துபவரின் தலையில் போடாமல், வாசலைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை இணை நடத்துநராக நியமியுங்கள். 'கலக்ஸி ஏ12' என்று கைத்தொலைபேசியின் பெயரில் வருபவரை எவரென்று ஊகித்து உள்ளே விடக்கூடாது. பெயரும் கிளையும் இல்லாத எவரும் வெளியில் நிற்கட்டும், அவர் பணிப்பாளரே ஆனாலும். நிறுவனக் கணக்கில் உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் அனுமதி என்ற அமைப்பு கட்டணத் திட்டங்களில் உண்டு. அது கைக்கு வந்தால் மேலே சொன்ன பாடுகளில் பாதி குறையும். எல்லோரும் வந்தபின் கூட்டத்தைப் பூட்டிவிடலாம். ஆனால் நெடுந்தீவு இணைப்பு இடையில் அறுந்தால் அங்கிருப்பவர் திரும்பி வர முடியாது என்பதால், அங்கிருந்து ஒருவர் கலந்துகொள்ளும் கூட்டத்தில் பூட்டாமல் வாசலில் ஆளை நிறுத்துவதே நடைமுறைக்கு ஒத்தது.

பெயரைப் பார்த்து விடுவது போலவே முகத்தைப் பார்த்து நம்புவதற்கும் இப்போது ஒரு எல்லை வந்திருக்கிறது. 2024 இல் வெளிவந்த செய்தி ஒன்றில், ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹொங்கொங் பணியாளர் ஒருவர், மேலதிகாரிகளின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து நடத்தப்பட்ட காணொளி அழைப்பை நம்பி ஏறக்குறைய 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பியிருந்தார். தங்கள் நிறுவனத்தை எவராவது அந்த அளவுக்கு மினைக்கெட்டு ஏமாற்றுவார்களா என்பது சந்தேகமே. ஆனாலும் பணம் அனுப்பச் சொல்லும் எந்த அறிவுறுத்தலையும், பயனாளியின் கோப்பை அனுப்பச் சொல்லும் எந்த அறிவுறுத்தலையும், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து ஒருமுறை உறுதிசெய்வது என்று ஒரு விதியை எழுதிவைப்பதற்கு ஒரு சதமும் செலவாகாது.

இனி மறைகுறியாக்கத்துக்கு வருகிறேன். விளம்பரங்கள் அதிகம் குழப்பும் இடம் இதுதான். இருவர் பேசும் அழைப்பு பெரும்பாலும் ஒரு கருவியிலிருந்து மற்றதற்கு நேராகப் போகலாம். பத்துப் பேர் கூடினால் ஒவ்வொருவரும் தம் படத்தையும் குரலையும் நடுவிலுள்ள சேர்வருக்கு ஒருமுறை அனுப்ப, அந்த சேர்வர் மற்ற ஒன்பது பேருக்கும் பிரித்து அனுப்புகிறது. உலாவியில் நடக்கும் கூட்டங்கள் பயன்படுத்தும் வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தில் மறைகுறியாக்கம் கட்டாயமானது. அதை அணைத்துவைக்க வழியில்லை. ஆகவே தங்கள் அலுவலக வைபையை ஒட்டுக் கேட்பவருக்கோ, நடுவில் கேபிளைத் தொடுபவருக்கோ பேச்சு விளங்காது. இதை ஐயமின்றிச் சொல்லலாம். ஆனால் அந்த மறைகுறியாக்கம் தங்கள் கருவியிலிருந்து சேர்வர் வரைக்கும், பிறகு சேர்வரிலிருந்து அடுத்தவர் வரைக்கும் என்று இரண்டு துண்டாக இருக்கிறது. சேர்வரினுள்ளே ஒரு கணம் உறை பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்படுகிறது. சேர்வர் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் விரும்பினால் அந்தக் கணத்தில் பார்க்கலாம். முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்றால், திறவுகோல் பங்குபற்றுவோரின் கருவிகளில் மட்டும் இருந்து, சேர்வர் உறையைப் பிரிக்காமலே பகிர்ந்து கொடுப்பது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எழுத்தளவில் சிறியது, பொருளளவில் பெரியது. சூம் நிறுவனம் இரண்டாவதைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு முதலாவதையே தந்துவந்தது 2020 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வாளர்கள், அதன் மறைகுறியாக்கம் 128 பிட் திறவுகோலை இசிபி என்ற பலவீனமான முறையில் பயன்படுத்துவதையும், சீனாவில் எவரும் பங்குபற்றாத சில கூட்டங்களின் திறவுகோல்கள்கூட அங்குள்ள சேர்வர்களால் வழங்கப்பட்டதையும் காட்டினார்கள். நிறுவனம் மே மாத இறுதிக்குள் 256 பிட் ஜிசிஎம் என்ற வலுவான முறைக்கு மாறியது. ஒக்டோபரில் உண்மையான முனைக்கு முனை மறைகுறியாக்கத்தையும் விருப்பத் தெரிவாக அறிமுகப்படுத்தியது. நவம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் இது தொடர்பாக உடன்பாட்டுக்கு வந்தது. இதை நான் எடுத்துச் சொல்வது சூமைப் பழிப்பதற்காக அல்ல; இன்று அதையே சில அலுவலகங்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். 'மறைகுறியாக்கப்பட்டது' என்ற சொல்லை விற்பவரின் பக்கத்தில் காணும்போது, திறவுகோல் யாரிடம் என்ற அடுத்த கேள்வியைத் தாங்கள் கேட்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

முனைக்கு முனை முறையை எல்லாக் கூட்டத்துக்கும் போட்டுவிடலாமே என்றால், அதற்கு ஒரு விலை உண்டு. சேர்வருக்கு உள்ளடக்கம் தெரியாதபடியால் சேர்வர் செய்துதரும் வசதிகள் எல்லாம் போய்விடும்: மேகப் பதிவு (கூட்டத்தை வழங்குநரின் சேர்வரிலேயே பதிந்து வைப்பது), பேச்சைத் தானாக எழுத்தாக்கும் தன்னியக்க எழுத்துருவாக்கம், சாதாரண தொலைபேசியில் அழைத்துச் சேர்வது போன்றவை. சூமில் எல்லோரும் செயலியை நிறுவியிருக்கவும் வேண்டும். மாதாந்தக் கூட்டத்தில் விடுமுறை ஒழுங்குகளையும் வாகன எரிபொருளையும் பேசுவதற்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை. பயனாளிகளைப் பற்றிய கலந்துரையாடலுக்கு இது கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. அங்கே பதிவும் எழுத்துருவாக்கமும் இல்லாமல் போவது நட்டமே அல்ல, நான் இலாபக் கணக்கில்தான் எழுதுவேன். நாலைந்து பேர் மட்டும் அவசரமாகப் பேசவேண்டுமென்றால் சிக்னல் செயலியின் குழு அழைப்பு இயல்பிலேயே முனைக்கு முனை மறைகுறியாக்கத்துடன் வருகிறது. அதற்கு நிர்வாகி ஒருவர்கூடத் தேவையில்லை.

சொந்த சேர்வர் என்ற தங்கள் எண்ணத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். இதற்கு அதிகம் பயன்படும் திறந்த மூல மென்பொருள் (நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) ஜிட்சி. 2003 இல் ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் வேலையாகத் தொடங்கி, இன்று உலகெங்கும் நிறுவப்படுகிறது. வகுப்பு நடத்துவதற்கென்றால் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிக்புளுபட்டன் உண்டு. வெண்பலகையும் சிறு குழு அறைகளும் அதில் நன்றாக இருக்கும், தங்கள் தேவைக்கு அது கனம். ஜிட்சியை நிறுவுவது கடினமல்ல. நான்கு கோர், எட்டு ஜிபி நினைவகம் கொண்ட ஒரு லினக்ஸ் சேர்வர் தங்கள் அளவுக்குப் போதும்; வெளியிலிருந்து டிசிபி 80, 443 ஆகிய போர்ட்களும் (சேர்வருக்குள் நுழையும் இலக்கமிட்ட வாசல்கள்), படமும் குரலும் போவதற்கு யூடிபி 10000 உம் திறந்திருக்கவேண்டும். நிறுவியவுடன் எவரும் எந்தப் பெயரிலும் கூட்டத்தைத் தொடங்கலாம் என்ற நிலையில்தான் அது இருக்கும். கணக்கு உள்ளவர் மட்டும் தொடங்கலாம் என்று மாற்றாமல் விட்டால், பூட்டில்லாத சொந்த வீட்டுக்கும் பூட்டுள்ள வாடகை வீட்டுக்கும் இடையில் தாங்கள் முன்னதைத் தெரிவுசெய்ததாகும்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அலுவலக மேசைக்குக் கீழே வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்துப் பேர், எல்லோரும் கமெரா போட்டு, ஒவ்வொருவரும் விநாடிக்கு ஒரு மெகாபிட் அனுப்புகிறார்கள் என்று கொள்ளுங்கள். சேர்வருக்கு உள்ளே வருவது பத்து மெகாபிட். வெளியே போவதோ பத்துப் பேருக்கும் ஒன்பது ஒன்பதாக, தொண்ணூறு மெகாபிட். பேசுபவரைப் பெரிதாகவும் மற்றவர்களைச் சிறு கட்டங்களில் குறைந்த தரத்திலும் அனுப்பும் உத்தியால் இது முப்பதுக்குக் கீழே இறங்கும். ஆனாலும் அது முழுவதும் தங்கள் பைபர் இணைப்பின் பதிவேற்றப் பக்கத்தில் போகவேண்டும், விளம்பரத்தில் பெரிதாக எழுதப்படுவது பதிவிறக்க வேகம். அதோடு கைத்தொலைபேசிச் சிம் வழியான இணைப்புகளிலும் பல வீட்டு இணைப்புகளிலும் தங்களுக்கென்று தனியான பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. அது இல்லாமல் வெளியிலிருந்து எவரும் சேர்வரை அடைய முடியாது. இவற்றுக்கு மேல் மின்வெட்டும், ஐப்பசி கார்த்திகை இடிமின்னலும் இருக்கின்றன. ஆகவே நான் சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு சேர்வரை மாத வாடகைக்கு எடுப்பதையே செய்துவருகிறேன். அப்போது அந்த வாடகை நிறுவனத்தையும் நம்புவோர் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்; இயந்திரம் அவர்களுடையது.

அதைவிடப் பெரிய கேள்வி, அதை யார் பார்த்துக்கொள்வார் என்பது. என் பிழையையே சொல்கிறேன். நான் நிறுவிக்கொடுத்த ஒரு ஜிட்சி சேர்வரில், பாதுகாப்பைக் கூட்டுகிறேன் என்ற நினைப்பில் 80 ஆம் போர்ட்டை மூடினேன். அந்த சேர்வரின் சான்றிதழ், அதாவது தளம் உண்மையானதென்று உலாவிக்குக் காட்டும் அத்தாட்சி, லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ். 90 நாள் மட்டுமே செல்லுபடியான அது, அந்தப் போர்ட்டின் வழியாகத்தான் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. நான் மூடியதும் புதுப்பித்தல் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர்களுடைய வருடாந்தப் பொதுக்கூட்டம். எல்லோருடைய திரையிலும் 'இத்தளம் பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை. நான் சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இருந்தேன், கையில் மடிக்கணினி இல்லை. செயலாளர் 'அதைப் பாராமல் தாண்டி வாங்கோ' என்று எல்லோருக்கும் சொல்லிக் கூட்டத்தை நடத்தி முடித்துவிட்டார். கூட்டம் நடந்ததுதான், ஆனால் நாற்பது பேர் அன்று எச்சரிக்கையைத் தாண்டப் பழகிக்கொண்டார்கள், நாளை உண்மையிலேயே ஒருவர் நடுவில் நின்று போலிச் சான்றிதழைக் காட்டினாலும் தாண்டித்தான் வருவார்கள். அந்த அலுவலகத்தில் இப்போது சான்றிதழ் முடியும் திகதி சுவர்க் கலண்டரில் சிவப்பு மையால் எழுதப்படுகிறது.

எனவே என் தீர்ப்பு இது. மாதத்துக்கு ஒருமுறையாவது சேர்வரைப் புதுப்பித்து, யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேடுகளைப் பார்த்து, பணியாளர் விலகிய அன்றே கணக்கை மூடக்கூடிய ஒருவர், அவர் விடுமுறையில் போனால் இன்னொருவர், இந்த இருவரும் தங்களிடம் இருந்தால் சொந்த சேர்வர் நல்லது. இல்லையென்றால் பராமரிக்கப்படாத சொந்த சேர்வர், நன்றாக அமைக்கப்பட்ட கட்டணச் சேவையைவிட மோசமானது. 35 பேர் கொண்ட தங்கள் நிறுவனத்தில் அப்படி ஒருவர் இருப்பதாகத் தங்கள் கேள்வியில் தெரியவில்லை. ஆகவே நிறுவனத்தின் சொந்த டொமைன் (இணைய முகவரி) பெயரில் எல்லோருக்கும் கணக்குகள், அவற்றுக்கு இரு படி உறுதிப்படுத்தல் (கடவுச்சொல்லோடு இன்னொரு அடையாளத்தையும் கேட்பது), பயனாளிக் கலந்துரையாடலுக்கு முனைக்கு முனை மறைகுறியாக்கம் ஆகிய மூன்றும் உள்ள ஒரு கட்டணச் சேவையையே தெரிவுசெய்யச் சொல்வேன். சூமோ, மைக்ரோசொப்ட் டீம்ஸோ, கூகிள் மீட்டோ என்பது இரண்டாம்பட்சம். எந்தத் திட்டத்தில் முனைக்கு முனை முறை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பது அடிக்கடி மாறுவதால், வாங்குகிற நாளில் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கான சலுகையையும் கேட்க மறக்கவேண்டாம்.

வலையமைப்பைப் பற்றி. கடல் கொந்தளித்துக் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாத நாளில்தான் நெடுந்தீவுக் கிளைக்குக் காணொளி மிகவும் தேவைப்படும். அந்த நாளில்தான் அங்கே சிக்னலும் மின்சாரமும் தள்ளாடும். விநாடிக்கு ஒரு மெகாபிட்டில் வரும் படம் ஒரு மணித்தியாலத்தில் 450 மெகாபைற்றை விழுங்கும். குரல் மட்டுமென்றால் 25 மெகாபைற்றுக்குள் அடங்கும். ஆகவே அந்தக் கிளைக்குக் குரல் முதலில், படம் வசதிப்பட்டால் என்ற ஒழுங்கைச் செய்யுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒன்று, கணினிக்கு வைக்கும் பெரிய யூபிஎஸ்ஸைவிட, பைபர் பெட்டிக்கும் றவுட்டருக்கும் மட்டும் வைக்கும் 12 வோல்ற் சிறு யூபிஎஸ் அதிகம் உதவும் என்பது. மடிக்கணினிக்குச் சொந்த பற்றரி இருக்கிறது, றவுட்டருக்கு இல்லை. இரண்டும் சேர்ந்து பதினைந்து இருபது வற்றுக்குள் இழுப்பதால், அந்தச் சின்னப் பெட்டி இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். வேறொரு வழங்குநரின் சிம்மை இரண்டாம் வழியாக வைத்திருங்கள். ஒரே வழங்குநரின் பைபரும் சிம்மும் ஒரே கோளாற்றில் ஒன்றாகவே விழலாம்.

தலைமை அலுவலகத்தில் கூட்ட அறைக் கணினியைக் கேபிளில் இணையுங்கள், வைபையை விருந்தினருக்கும் பணியாளருக்கும் வேறு வேறாகப் பிரியுங்கள், றவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியின் அடியில் அச்சிட்டு வந்ததாகவே இன்னும் இருந்தால் இன்றே மாற்றுங்கள். கிளைகளையெல்லாம் விபிஎன்னால் (இணையத்தினூடே போடும் மறைகுறியாக்கப்பட்ட தனிப்பாதை) தலைமையகத்துக்குக் கட்டி அதற்குள் காணொளியை ஓட்டச் சொல்வோர் இருக்கிறார்கள். இதில் கருத்து வேறுபாடு உண்டு. என் அனுபவத்தில், ஏற்கெனவே மறைகுறியாக்கப்பட்ட படத்தை முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இழுத்து, இங்கிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பி, வந்த வழியே திருப்பிக் கொண்டுபோவதால் தாமதம் கூடுகிறதேயொழியப் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவர் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீங்கள் சொல்லுங்கோ' என்று மாறி மாறிச் சொல்லவேண்டி வரும். கோப்புச் சேர்வருக்கும் நிர்வாகப் பக்கங்களுக்கும் விபிஎன் வையுங்கள். காணொளியை நேராக விடுங்கள்.

சுவருக்கும் காதுண்டு என்பது காணொளிக்கு எழுத்தளவில் பொருந்தும். எவ்வளவு மறைகுறியாக்கம் செய்தாலும் முல்லைத்தீவுக் கிளையில் ஒலிபெருக்கியைப் போட்டு, கதவைத் திறந்துவைத்து, வெளியில் வாங்கில் பயனாளிகள் காத்திருக்கும் நேரத்தில் பேசினால் பேச்சு தெருவுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு கிளைக்கும் ஹெட்செட் வாங்குவது இந்தத் திட்டத்திலேயே மலிவான, பலனுள்ள செலவு. பயனாளியின் பெயரைச் சொல்லாமல் கோப்பு இலக்கத்தைச் சொல்லிப் பேசும் பழக்கம் அதையும்விட மலிவு. திரையை வேறொரு கைத்தொலைபேசியால் படம் எடுப்பதைத் தடுக்க எந்தத் தொழில்நுட்பத்தாலும் முடியாது. பங்குபற்றுவோரின் கருவியிலேயே உளவு மென்பொருள் இருந்தாலும் இங்கே சொன்ன எதுவும் காப்பாற்றாது. வேலியே பயிரை மேய்ந்தால் அதற்கு மருந்து என் பெட்டியில் இல்லை. அது தங்கள் ஆட்சேர்ப்பிலும் ஒழுக்கக் கோவையிலும் இருக்கிறது.

பதிவுகளைப் பற்றி என் நிலைப்பாடு கடுமையானது: பயனாளிக் கலந்துரையாடலைப் பதிவு செய்யவேண்டாம். எடுக்கப்படாத பதிவு களவு போகாது. அண்மைக் காலத்தில் புதிய தொல்லை ஒன்று வந்திருக்கிறது; பங்குபற்றும் எவரோ ஒருவரின் நாட்காட்டியோடு இணைக்கப்பட்ட குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி, தானும் ஒரு பங்கேற்பாளராக வந்து அமர்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகிறது. பட்டியலில் அப்படியொரு பெயரைக் கண்டால் வாசலில் நிற்பவர் தயங்காமல் வெளியேற்றவேண்டும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளையும் சிறுவர் பற்றிய தரவுகளையும் விசேட வகைக்குள் வைக்கிறது. மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க இடமளிக்கிறது. சட்டத்தின் பகுதிகள் நடைமுறைக்கு வரும் காலம் திருத்தப்பட்டு வந்திருப்பதால், எந்தக் கடமை இன்று தங்களைக் கட்டுப்படுத்துகிறது, வெளிநாட்டு சேர்வரில் தரவு போவதற்கு என்ன ஒழுங்கு வேண்டும் என்பவற்றை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். சென்ற மாத நிகழ்வையும் திகதி, நேரம், காணப்பட்ட பெயர், இருந்தவர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். சூமின் பங்கேற்பாளர் அறிக்கை தங்கள் கணக்கில் கிடைக்குமானால் அழியுமுன் இறக்கிக்கொள்ளுங்கள். அன்று யாரைப் பற்றிப் பேசப்பட்டதோ அந்தப் பயனாளிக்குச் சொல்லவேண்டுமா என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல. ஆயினும் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று, மாற்று வழி. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகும் 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் நாட்டில் வட்ஸ்அப், பேஸ்புக் முதலியவை முடக்கப்பட்டன. கூட்டத்தின் அறிவித்தல் முழுவதும் வட்ஸ்அப்பில் மட்டும் இருந்த அலுவலகங்கள் அன்று ஒருவரையொருவர் தேடின. கிளைப் பொறுப்பாளர்களின் சாதாரண தொலைபேசி இலக்கங்கள் ஒரு தாளில் அச்சாகி, பணிப்பாளரின் மேசையில் இருக்கட்டும்.

புதிய ஏற்பாடு முடிந்தபின் ஒரு சோதனை செய்து பாருங்கள். போன வருடம் வேலையை விட்டு, தங்களோடு நல்லுறவில் இருக்கும் ஒருவரை அழைத்து, அவரிடம் இருக்கும் பழைய லிங்கை, பழைய கணக்கை, எதை வேண்டுமானாலும் பயன்படுத்தி அடுத்த கூட்டத்துக்குள் வரச் சொல்லுங்கள். அன்று பயனாளிகளைப் பற்றி எதையும் பேசாதீர்கள். அவர் காத்திருப்பு அறைக்குக்கூட வராவிட்டால் நல்லது. அங்கே வந்து நின்று, வாசலில் இருப்பவர் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. 'அட, எப்பிடி இருக்கிறீங்கள்' என்று யாராவது அன்போடு உள்ளே எடுத்துவிட்டால், சேர்வரைப் பற்றிய பேச்சை அடுத்த மாதத்துக்கு ஒத்திவையுங்கள்.